கடைசி மூச்சில் சொன்ன சொல்

சண்டைப் படம் என்றால் அது ஆண்பிள்ளைகளுக்கு உரியது என்ற எண்ணம் எங்கள் வீடுகளில் இன்றும் இருக்கின்றது. நானாமாரும் தம்பிமாரும் தொலைக்காட்சியின் முன்னால் அமர்ந்து புரூஸ் லீயையும் ஜெக்கி சானையும் ரசித்துக்கொண்டிருக்க, பெண்பிள்ளைகள் நாங்கள் எழுந்து போய்விடுவோம். அடி, உதை, பழிவாங்கல் என்பவற்றைத் தவிர அவற்றில் வேறு என்ன இருக்கப்போகின்றது என்பதே எங்கள் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு படத்தைப் பற்றி எழுத விரும்புகின்றேன். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'குரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' என்ற சீன மொழிப் படம்தான் அது. 'பதுங்கியிருக்கும் புலி, மறைந்திருக்கும் டிராகன்' என்பது அப்பெயரின் பொருள்.

அந்தப் படத்தில் வாள்வீச்சு உண்டு. வீரர்கள் கூரைக்குக் கூரை தாவுகின்றார்கள். மூங்கில் காட்டின் உச்சியில், காற்றில் ஆடும் கிளைகளில் நின்றபடி போர் புரிகின்றார்கள். ஆனால் படம் முடிந்த பின்னர் மனதை அறுத்துக்கொண்டிருப்பது வாள் அல்ல. ஒருவரையொருவர் ஆழமாக நேசித்த இருவர், நேசிக்கின்றேன் என்ற ஒரு சொல்லை ஆண்டுக்கணக்காகச் சொல்லாமல் தள்ளிப்போட்டதுதான் அறுக்கின்றது. அந்த மௌனத்தைப் பலர் தியாகம் என்று புகழ்கின்றார்கள். என்னால் அப்படிப் புகழ முடியவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

திரைப்படத்தைப் பற்றி, அதுவும் அதிலுள்ள காதலைப் பற்றி, எங்கள் கல்லூரிச் சஞ்சிகையில் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நளனும் தமயந்தியும் பிரிந்த கதையைத் தமிழ் வகுப்பில் படிக்கும்போது எவரும் அப்படிக் கேட்பதில்லை. நல்ல கதை எந்த வடிவில் வந்தாலும் அது மனிதரைப் பற்றிச் சிந்திக்க வைக்கின்றது. அதேவேளை இது சிறு பிள்ளைகளுக்கான படம் அல்ல என்பதையும், ஒன்றிரண்டு காட்சிகள் குடும்பமாக இருந்து பார்ப்பதற்கு ஏற்றவை அல்ல என்பதையும் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றேன்.

படத்தை இயக்கியவர் தாய்வானில் பிறந்த ஆங் லீ. வாங் டுலு என்ற சீன எழுத்தாளரின் நாவலைத் தழுவியது. 2001ஆம் ஆண்டின் ஒஸ்கார் விழாவில் 10 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு, சிறந்த பிறமொழிப் படம், ஒளிப்பதிவு, கலை இயக்கம், இசை ஆகிய 4 விருதுகளை வென்றது. இதே ஆங் லீதான் 1995இல் ஜேன் ஒஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலையும் படமாக்கினார். ஆங்கில இலக்கியம் கற்கும் சகோதரிகள் இதைக் கவனித்தால் ஒரு விடயம் புரியும். உணர்வை அடக்கிக்கொள்ளும் ஒரு பெண், உணர்வின் வழியே ஓடும் இன்னொரு பெண் என்ற அமைப்பு இரண்டு படங்களிலும் இருக்கின்றது. இங்கிலாந்தின் வரவேற்பறையில் நடந்த கதைக்கும் சீனத்து மலைகளில் நடந்த கதைக்கும் இடையில் அப்படியோர் ஒற்றுமை.

கதை சிங் வம்ச ஆட்சிக் காலத்துச் சீனாவில் நடக்கின்றது. லி மு பாய் புகழ்பெற்ற வாள்வீரர். வுடாங் மலையிலுள்ள குருகுலத்தில் கலை பயின்றவர். யூ ஷு லியென், வணிகர்களின் பொருட்களுக்குப் பாதுகாப்பாகச் செல்லும் நிறுவனமொன்றைத் தந்தைக்குப் பின்னர் நடத்தி வருபவர். அவரும் தேர்ந்த வீராங்கனை. மலேசியாவின் ஈப்போ நகரில் பிறந்த மிஷெல் யோ இப்பாத்திரத்தில் நடித்திருக்கின்றார். சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதை 2023இல் பெற்றவர் இவரே.

படத்தின் தொடக்கத்தில் லி மு பாய், ஷு லியெனின் இல்லத்துக்கு வருகின்றார். மலையில் ஆழ்ந்த தியானத்தில் இருந்தவர் இடையில் எழுந்து வந்துவிட்டார். தியானத்தின் உச்சியில் ஆனந்தம் கிடைக்குமென்று எதிர்பார்த்தாராம். கிடைத்தது எல்லையற்ற துயரம். ஏதோ ஒன்று தன்னைக் கீழே இழுத்தது என்கின்றார். அது எது என்று ஷு லியென் கேட்கின்றார். விடமுடியாத ஒன்று என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும், பார்க்கின்ற எங்களுக்கும் தெரியும். ஆனால் பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பிவிடுகின்றது. வாளைத் துறக்கப் போவதாகச் சொல்லி, 400 ஆண்டுகள் பழமையான தமது வாளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகின்றார். ஒரு மனிதர் தமது இதயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகும் காட்சி அது.

ஏன் இந்தத் தயக்கம்? ஷு லியெனுக்கு முன்னர் வேறொருவருடன் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. அவர் மெங் சிஜாவ், லி மு பாயின் உடன்பிறவாச் சகோதரர், சத்தியம் செய்து சகோதரரானவர். லி மு பாயின் எதிரியொருவனின் வாளால் மெங் கொல்லப்பட்டார். அதன் பின்னர் பல இன்ப துன்பங்களில் ஒன்றாக நின்ற இவ்விருவருக்கும் இடையில் அன்பு வளர்ந்தது. ஆனால் இறந்தவரின் நினைவுக்கு எப்படிக் களங்கம் செய்வது? அந்த ஒரு கேள்வியிலேயே இருவரின் இளமையும் கழிந்துவிட்டது.

இந்த வரலாற்றை ஷு லியென் தம் வாயாலேயே சொல்வது ஜென் என்ற இளம் பெண்ணிடம். ஜென் ஆளுநர் ஒருவரின் மகள். தந்தையின் பதவிக்கு உதவும் என்பதற்காகச் செல்வாக்குள்ள குடும்பமொன்றில் அவளுக்குத் திருமணம் பேசி முடித்திருக்கின்றார்கள். வீரர்களின் உலகம் எவ்வளவு சுதந்திரமானது என்று அவள் ஏங்குகின்றாள். அதற்குப் பதிலாகத்தான் ஷு லியென் தமது கதையைச் சொல்கின்றார். நீ சொல்லும் சுதந்திரத்தை நானும் விரும்பினேன், ஆனால் ஒருபோதும் சுவைத்ததில்லை என்பது அவரது பேச்சின் சாரம். கேட்டுக்கொண்டிருந்த ஜென், மெங் இறந்தது கவலைதான், ஆனால் அது உங்கள் குற்றமும் இல்லை, அவரது குற்றமும் இல்லையே என்கின்றாள். அந்தச் சிறிய பெண்ணின் நியாயத்துக்கு ஷு லியெனிடம் சரியான பதில் இல்லை. பெண்ணுக்குரிய கடமையை மதிக்க வேண்டும் என்கின்றார். அந்தக் கடமையை விதித்தவர் யார் என்ற கேள்வி அவ்விடத்தில் எழாமலே போகின்றது.

அதற்கான விடை சீன வரலாற்றில் இருக்கின்றது. மிங், சிங் வம்சங்களின் காலத்தில், கணவனை இழந்த பெண் மறுமணம் செய்யாதிருப்பதை அரசே போற்றியது. 30 வயதுக்கு முன் விதவையாகி 50 வயது வரை மறுமணம் செய்யாமல் வாழ்ந்த பெண்களுக்கு அரச கௌரவம் கிடைத்தது. அவர்களுக்காகக் கல்லால் நினைவு வளைவுகள் எழுப்பப்பட்டன. இந்தப் போற்றுதல் மனைவியோடு நிற்கவில்லை. திருமணம் நிச்சயிக்கப்பட்டு, மணநாளுக்கு முன்பே மணமகன் இறந்துபோனால், வாழ்நாள் முழுவதும் அவனுக்காகவே தனித்திருந்த கன்னிப் பெண்களும் இருந்தார்கள். சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் வளைவுகள் எழுந்தன. சீன அறிஞர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் குய் யோகுவாங், 18ஆம் நூற்றாண்டில் வாங் ஜோங் ஆகியோர் இவ்வழக்கம் முறையானதல்ல என்று எழுதினார்கள். திருமணமே நடக்காதபோது மனைவியின் கடமை எங்கிருந்து வரும் என்பதே அவர்களது வாதம்.

ஆகவே ஷு லியெனின் மௌனத்தை அவரது தனிப்பட்ட குணமாக மட்டும் பார்க்க முடியாது. அவர் வாளெடுத்து யாரையும் எதிர்க்கக் கூடியவர். கொள்ளையரோடு போராடிப் பொருட்களைக் காப்பவர். அப்படிப்பட்டவரையும் ஊரின் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டம் கட்டிவைத்திருந்தது. அந்தச் சட்டம் வெளியிலிருந்து கட்டளையிடவில்லை. அவரது மனச்சாட்சியின் குரலிலேயே பேசியது. அதனால்தான் அதை எதிர்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு முஸ்லிம் மாணவியாக நான் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. கணவனை இழந்த மனைவிக்கு எங்கள் மார்க்கம் விதித்த இத்தா 4 மாதங்களும் 10 நாட்களும்தான். ஸூரா அல்பகராவின் 234ஆவது வசனம் அதைக் கூறுகின்றது. அதற்கு அடுத்த வசனமோ, இத்தாக் காலத்திலேயே அப்பெண்ணை மணமுடிக்கும் விருப்பத்தைச் சாடையாகத் தெரிவிப்பதில் குற்றமில்லை என்று அனுமதியளிக்கின்றது. துக்கத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் துக்கத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. நிக்காஹ் நடக்காமல் பேச்சு மட்டும் முடிந்திருந்த பெண்ணுக்கு இத்தாவே இல்லை.

ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 8இல் முஅத்தா போர்க்களத்தில் ஷஹீதானார்கள். அவர்களது மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களைப் பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்கள் மணமுடித்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் மறைவுக்குப் பிறகு, அலீ (ரலி) அவர்கள் மணமுடித்தார்கள். அலீ (ரலி) யார்? ஜஃபர் (ரலி) அவர்களின் உடன்பிறந்த தம்பி. களத்தில் உயிர் நீத்த அண்ணனின் நினைவுக்கு இது இழுக்கு என்று அந்தச் சமூகத்தில் எவரும் சொல்லவில்லை. சத்தியத்தால் சகோதரனானவனின் நினைவுக்காக லி மு பாய் ஒதுங்கி நின்றதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இறந்தவரைக் கண்ணியப்படுத்துவதற்கு உயிரோடிருப்பவரின் வாழ்வைப் பலியிட வேண்டியதில்லை என்பது தெளிவாகின்றது.

ஆனாலும் எங்கள் ஊர்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். மார்க்கம் 4 மாதங்களும் 10 நாட்களும் என்று சொன்ன இடத்தில், ஊர்வாய் பல ஆண்டுகளைச் சேர்த்துவிடுகின்றது. இளவயதில் கணவனை இழந்த பெண்ணுக்கு மறுமணம் பேசினால், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதானே என்று சொல்லும் குரல்களை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கின்றோம். மனைவியை இழந்த ஆணிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சீனாவில் கல் வளைவு கட்டினார்கள். நாங்கள் கல்லால் கட்டுவதில்லை, சொல்லால் கட்டுகின்றோம்.

படத்துக்குத் திரும்புவோம். வழியில் ஒரு மண்டபத்தில் இருவரும் தேநீர் அருந்த அமர்கின்றார்கள். வெளியே பச்சை மூங்கில்கள். என்னைப் பொறுத்தவரை படத்தின் உச்சக் காட்சி இதுதான். நாம் தொடுகின்ற எதுவும் நிலையில்லை, இவ்வுலகில் பற்றிக்கொள்ள எதுவுமில்லை என்று தமது குரு சொல்வார் என்கின்றார் லி மு பாய். எல்லாமே மாயையல்ல, என் கை உண்மையில்லையா என்று கேட்கின்றார் ஷு லியென். லி மு பாய் அக்கையைப் பற்றித் தம் முகத்தோடு சேர்த்துக்கொள்கின்றார். ஆயுதப் பயிற்சியால் காய்த்துச் சொரசொரப்பாகிப் போன கை இது, இத்தனை ஆண்டுகளாக இதைத் தொடும் துணிவு எனக்கு வரவில்லை என்கின்றார்.

எத்தனையோ காதல் படங்களில் பெண்ணின் கையைப் பூ என்பார்கள், பட்டு என்பார்கள். இங்கே ஒருவர் காய்த்துப்போன கையை நேசிக்கின்றார். அந்தக் கையின் உழைப்பையும் அது கடந்துவந்த ஆண்டுகளையும் நேசிக்கின்றார். காதலைப் பற்றி நான் பார்த்த மிகக் கண்ணியமான வசனம் அது. ஆனால் அந்த இடத்திலும் பேச்சு பாதியில் நின்றுவிடுகின்றது. உணர்வை அடக்கினால் அது இன்னும் வலுவாகும் என்று ஷு லியென் சொல்கின்றார். உண்மைதான், ஆனால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை என்கின்றார் அவர். மாபெரும் வாள்வீரருக்கு எந்தத் தாக்குதலையும் எப்படித் தடுப்பதென்று தெரியும். தாம் விரும்பும் பெண்ணிடம் மணமுடிப்போமா என்று கேட்கத் தெரியவில்லை.

அவருக்கு நேர்மாறாக நிற்கின்றது ஜென்னின் காதல். பாலைவனப் பயணமொன்றில் லோ என்ற கொள்ளைக்காரன் அவளது சீப்பைப் பறித்துக்கொண்டு ஓட, அவள் குதிரையில் ஏறித் துரத்துகின்றாள். சண்டையில் தொடங்கியது காதலாகிவிடுகின்றது. படத்தின் பெயரே இவர்களுக்குள்தான் ஒளிந்திருக்கின்றது. ஜென்னின் சீனப் பெயரான ஜியாவ்லோங்கில் டிராகன் இருக்கின்றது. லோவின் பெயரான சியாவ்ஹுவில் புலி இருக்கின்றது. இந்த இளையவர்கள் எல்லாவற்றையும் உடனே சொன்னார்கள், உடனே செய்தார்கள். எல்லையையும் மீறினார்கள். ஆனால் அவர்களும் வாழவில்லை. ஜென் தன் மனதைச் சொல்ல வேண்டியவர்களிடம், அதாவது பெற்றோரிடம், ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கக்கூடிய வீடல்ல அது. எனவே மணவீட்டிலிருந்து ஆண் வேடத்தில் ஓடிப்போகின்றாள். பிறகு கண்ணில் படுபவரோடெல்லாம் சண்டையிடுகின்றாள். பார்ப்பவர்கள் அதை வீரம் என்று ரசிக்கலாம். எனக்கு அது வீட்டில் பேச முடியாமல் போன ஒரு பிள்ளையின் கோபமாகவே தெரிகின்றது.

அடக்கிக்கொண்டு அழிவது ஒரு வழி, உடைத்துக்கொண்டு ஓடுவது இன்னொரு வழி. இவ்விரண்டையும் தவிர வேறு வழியில்லை என்பது போலப் படம் காட்டுகின்றது. ஆனால் வேறு வழி உண்டு என்பதை நாங்கள் சிறு வயதிலிருந்தே படித்திருக்கின்றோம். கதீஜா (ரலி) அவர்கள் கணவரை இழந்தவர், பெரும் வணிகத்தை நடத்தியவர். ஷு லியெனைப் போலவே பொருட்களோடு பயணக் கூட்டங்களை அனுப்பியவர். தமது வணிகத்துக்காகச் சென்றுவந்த இளைஞரான முஹம்மத் (ஸல்) அவர்களின் நேர்மையைக் கண்டு, நபீஸா என்ற தமது தோழி மூலமாகத் திருமண விருப்பத்தைத் தெரிவித்தார்கள். பின்னர் இரு பக்கத்துப் பெரியவர்களும் கூடி நிக்காஹ் நடந்தது. இங்கே வெட்கம் இருந்தது, கண்ணியம் இருந்தது, பெரியவர்களின் பங்கும் இருந்தது. ஆனால் மௌனம் இருக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம், சொல்ல வேண்டிய காலத்தில் சொன்னார்கள். வெட்கம் என்பது வாயை மூடிக்கொள்வதல்ல. சொல்லும் முறையை அழகாக்கிக்கொள்வது என்றே நான் இதிலிருந்து விளங்கிக்கொள்கின்றேன்.

இனி, இந்தக் காதலைக் கொன்ற நஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேட் ஃபொக்ஸ் என்ற பெண்தான் படத்தின் வில்லி. 1966இல் 'கம் ட்ரிங்க் வித் மீ' படத்தில் வாள்வீராங்கனையாக நடித்துப் புகழ்பெற்ற செங் பெய்பெய், 34 ஆண்டுகளுக்குப் பின்னர் இப்பாத்திரத்தில் நடித்தார். ஜேட் ஃபொக்ஸ், லி மு பாயின் குருவை நஞ்சிட்டுக் கொன்றவள். ஏன் கொன்றாள்? தன்னைப் பயன்படுத்திக்கொண்ட அந்தக் குரு, பெண் என்பதால் கலையை மட்டும் கற்றுத்தர மறுத்தார். வுடாங்கின் கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை. அவள் குருவைக் கொன்று, கலையின் சுவடியைத் திருடிக்கொண்டு ஓடினாள். ஆனால் அவளுக்குச் சுவடியைச் சரியாக வாசிக்கத் தெரியாது. படங்களைப் பார்த்தே பயின்றாள். ஆளுநரின் வீட்டில் பணிப்பெண்ணாக ஒளிந்திருந்து, சிறுமி ஜென்னுக்கு இரகசியமாகக் கற்றுக்கொடுத்தாள். ஜென்னுக்கு எழுத்து தெரியும். சுவடியின் ஆழ்ந்த பொருளை அவள் வாசித்துப் புரிந்துகொண்டாள். ஆனால் கற்றுக்கொடுத்தவளிடம் அதை மறைத்துவிட்டாள். மகளைப் போல வளர்த்தவள் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று தெரிந்த பின்னர், ஜேட் ஃபொக்ஸ் ஜென்னைக் கொல்ல நச்சூசிகளை எய்கின்றாள். அவற்றில் ஒன்று, குறுக்கே நின்று காத்த லி மு பாயின் கழுத்தில் தைக்கின்றது.

அந்த ஊசி வந்த பாதையைப் பின்னோக்கிப் பாருங்கள். ஊசிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் வஞ்சம். வஞ்சத்துக்குப் பின்னால் மறைக்கப்பட்ட ஒரு பாடம். அதற்கும் பின்னால், பெண்ணுக்குக் கற்றுத்தர மாட்டோம் என்று மூடிய ஒரு கதவு. அந்தக் கதவு லி மு பாய் பயின்ற அதே குருகுலத்தின் கதவு. ஜேட் ஃபொக்ஸின் கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கு மறுக்கப்பட்ட கல்வி, பல ஆண்டுகள் கழித்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு பெண்ணின் காதலைக் கொன்றுவிட்டது என்பதைக் காணாமல் இருக்க முடியவில்லை. ஷு லியெனும் லி மு பாயும் தங்களுக்குள் சொல்லாமல் விட்டதைப் போலவே, ஜேட் ஃபொக்ஸுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டார்கள். ஜென் அவளிடம் சொல்லாமல் மறைத்தாள். இந்தக் கதையில் இரத்தம் சிந்திய இடமெல்லாம் அதற்கு முன்னர் ஒரு சொல் மறைக்கப்பட்ட இடமாக இருக்கின்றது.

மருந்து கொண்டுவர ஜென் குதிரையில் விரைகின்றாள். காத்திருக்கும் நேரத்தில் லி மு பாயின் உடலில் நஞ்சு ஏறுகின்றது. கடைசி மூச்சைப் பேசி வீணாக்க வேண்டாம், தியானத்தில் செலுத்தி உங்கள் விடுதலையைத் தேடுங்கள் என்கின்றார் ஷு லியென். அப்போதும் அவர் தமக்கென்று எதையும் கேட்கவில்லை. லி மு பாய் மறுக்கின்றார். வாழ்க்கையையே வீணாக்கிவிட்டேன் என்கின்றார். உன்னை எப்போதும் நேசித்தேன் என்று அந்த மூச்சில்தான் சொல்கின்றார். சொல்லி முடித்ததும் மூச்சு நின்றுவிடுகின்றது. ஜென் மருந்தோடு வந்து சேரும்போது காலம் கடந்துவிட்டது.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதால் ஷு லியெனின் காத்திருப்புக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று வாதிடுபவர்கள் இருக்கின்றார்கள். அவர்கள் முன்பே பேசி மணமுடித்திருந்தால் படமே இல்லையே, மௌனம்தானே இக்கதைக்கு அழகு என்றும் சொல்கின்றார்கள். கலைக்கு அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கலையில் அழகாக இருப்பதெல்லாம் வாழ்க்கைக்கு வழிகாட்டி ஆகிவிடாது. லி மு பாய்க்கே அது தெரிந்திருந்தது. வீணாக்கிவிட்டேன் என்று சொன்னவர் பார்வையாளர் அல்ல, அந்த வாழ்க்கையை வாழ்ந்து முடித்தவர். அவரது வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டு அதைத் தியாகம் என்று நாங்கள் மாலை போடுவது சரியாகுமா?

ஷு லியெனும் அதையே ஒப்புக்கொள்கின்றார் என்பது என் எண்ணம். லி மு பாயின் மரணத்துக்குக் காரணமான ஜென் எதிரே மண்டியிட்டிருக்கின்றாள். வாள் ஷு லியெனின் கையில் இருக்கின்றது. வெட்டவில்லை. வுடாங்கில் லோ காத்திருக்கின்றான், அங்கே போ, எந்த வழியைத் தேர்ந்தாலும் உனக்கு நீ உண்மையாக இரு என்று சொல்லி அனுப்புகின்றார். தமக்குக் கிடைக்காததை, தம்மிடமிருந்து பறித்தவளுக்கே வாழ்த்தாகக் கொடுக்கின்றார். படத்தின் மிகப் பெரிய வீரச்செயல் இதுதான். ஆனால் ஜென் அந்த வாழ்த்தையும் வாழவில்லை. வுடாங் மலையின் பாலத்திலிருந்து பள்ளத்தாக்கின் மேகங்களுக்குள் குதித்துவிடுகின்றாள். உண்மையான மனதோடு மலையிலிருந்து குதித்தால் வேண்டியது நிறைவேறும் என்று லோ முன்பு சொன்ன பழங்கதையை நம்பினாளா, குற்ற உணர்வா, படம் சொல்வதில்லை. எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. உயிர் அமானிதம்; அதை வீசியெறிவது விடுதலையாகாது. எடுத்துச் சொல்ல ஒரு நல்ல உம்மாவோ ராத்தாவோ முன்பே பக்கத்தில் இருந்திருந்தால் அவள் அந்தப் பாலத்துக்கு வந்திருக்க மாட்டாள் என்றே நினைக்கின்றேன்.

அதனால்தான் இந்தக் கட்டுரையைச் சகோதரிகளுக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதினேன். கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம் என்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மௌனத்துக்கு முன்னால் அவளிடம் கேட்டிருக்க வேண்டும் என்பது பலருக்கு மறந்துவிடுகின்றது. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களைத் தந்தை அவரது விருப்பத்துக்கு மாறாக மணமுடித்துக் கொடுத்தபோது, அவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். நபியவர்கள் அந்தத் திருமணத்தை இரத்துச் செய்தார்கள். ஒரு பெண் தன் மனதை வெளிப்படையாகச் சொன்னாள், அவளது சொல் ஏற்கப்பட்டது. ஜென்னின் வீட்டில் இல்லாமல் போனது இதுதான். எனவே வாப்பாமாரே, உம்மாமாரே, மகளின் மௌனத்துக்கு நீங்களே பொருள் சொல்லிக்கொள்ளாதீர்கள். அது சம்மதமாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். அவளிடம் கேளுங்கள். கேட்ட பின்னர் பதில் சொல்ல அவளுக்கு நேரமும் கொடுங்கள்.

சகோதரிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. மனதில் இருப்பதையெல்லாம் கண்டவரிடமும் கைத்தொலைபேசியிலும் கொட்டிவிடுவது துணிவல்ல. படிக்க வேண்டும் என்பதோ, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பதோ, பிடித்திருக்கின்றது என்பதோ, எதுவாயினும் அதை முதலில் வீட்டில், உங்கள் மீது அன்பு வைத்திருக்கும் ஒருவரிடம், பணிவோடு சொல்லிப் பழகுங்கள். முதல் தடவை கேட்காமல் போனால் இரண்டாம் தடவை சொல்லுங்கள். அன்பைச் சொல்வதும் அப்படித்தான். உம்மாவின் காய்த்துப்போன கையைப் பிடித்து நன்றி சொல்ல ஒரு விசேட நாள் தேவையில்லை. லி மு பாய்க்குக் கடைசியாக ஒரு மூச்சாவது மிச்சமிருந்தது. எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை.